ஆங்கில வாக்கியம் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஆங்கில நோட்டை என் முன்னால் நீட்டினாள். 'ஹி பிகேம் எ டாக்டர்' என்ற வாக்கியத்தைப் பிரித்து, அதன் கீழே எஸ் (சப்ஜெக்ட், எழுவாய்), வி (வெர்ப், வினை), ஓ (ஆப்ஜெக்ட், செயப்படுபொருள்) என்று எழுதியிருந்தாள். அந்த ஓ-வை அடித்துவிட்டு ஆசிரியர் சிவப்பு மையில் சி போட்டிருந்தார். சி என்றால் காம்ப்ளிமெண்ட், எழுவாயோ ஆப்ஜெக்டோ யார், எது, எப்படி என்று சொல்லி நிரப்பும் பகுதி.

"சித்தி, வெர்பைப் பார்த்து 'என்ன'ன்னு கேட்டா வர்ற பதில்தான் ஆப்ஜெக்ட். என்ன ஆனார்? டாக்டர் ஆனார். பதில் வருதே, அப்புறம் எப்படித் தப்பு?"

நியாயமான கேள்வி. 'என்ன, யாரை என்று கேட்டால் ஆப்ஜெக்ட். எப்போது, எங்கே, எப்படி என்று கேட்டால் அட்ஜங்க்ட்' என்ற சூத்திரத்தோடுதான் நம் பிள்ளைகளில் பலர் தேர்வுக்குப் போகிறார்கள். அது பாதி வழிதான் கொண்டுபோய் விடும். 'என்ன' என்ற கேள்விக்கு ஆப்ஜெக்டும் பதில் சொல்லும், காம்ப்ளிமெண்டும் பதில் சொல்லும். அதோடு நிறுத்திக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

இரண்டையும் பிரித்துக் காட்டும் கருவி தமிழிலேயே இருக்கிறது. இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ'யைச் சேர்த்துப் பாருங்கள். 'ஹி மெட் எ டாக்டர்' என்றால் டாக்டரைச் சந்தித்தார். 'ஐ' ஒட்டுகிறது, அது ஆப்ஜெக்ட். 'டாக்டரை ஆனார்' என்று யாராவது சொல்வோமா? ஒட்டவில்லை, அது காம்ப்ளிமெண்ட். சந்தித்தவரும் டாக்டரும் இரண்டு பேர். ஆனவரும் டாக்டரும் ஒரே ஆள். 'புத்தகம் வாங்கினேன்' என்று உருபில்லாமல் பேசுகிறோமே என்று குழம்ப வேண்டாம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றும் சொல்ல முடிகிறது அல்லவா, அது போதும். 'ஐ ஹேவ் எ பிரதர்' மாதிரி சில இடங்களில் இந்தச் சோதனை கைகொடுக்காது. தமிழில் 'எனக்குத் தம்பி இருக்கிறான்' என்று அமைப்பே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது ஆப்ஜெக்ட்தான்.

காம்ப்ளிமெண்ட் ஏன் நமக்கு இவ்வளவு தொல்லை தருகிறது? 'அவர் ஆசிரியர்' என்று தமிழில் இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறோம். எழுவாய், பெயர்ப் பயனிலை, அவ்வளவுதான். வினை தேவையில்லை. ஆங்கிலத்துக்கு அது போதாது. நடுவில் ஒரு 'இஸ்' வேண்டும். அந்த 'இஸ்' வினை என்ற இடத்தைப் பிடித்துக்கொள்வதால், நாம் பயனிலை என்று சொல்லும் பெயர் அங்கே காம்ப்ளிமெண்ட் ஆகிவிடுகிறது. இதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் 'ஹி டீச்சர்' என்று 'இஸ்'ஸை விழுங்கும் பழக்கமும் போய்விடும். 'எனக்குப் பசிக்கிறது' என்பதும் இதே கதைதான். நமக்கு அது வினை. 'ஐ ஆம் ஹங்ரி'யில் 'ஹங்ரி' காம்ப்ளிமெண்ட்.

அடுத்த தவறு, வாக்கியத்தைப் பார்த்ததும் முதல் சொல்லின் கீழே எஸ் போடுவது. 'இன் தி ஈவினிங் மை ஃபாதர் வாட்டர்ஸ் தி பிளான்ட்ஸ்' என்ற வாக்கியத்தில் 'இன் தி ஈவினிங்' சும்மா முன்னால் வந்து நிற்கும் அட்ஜங்க்ட். 'அண்டர் தி ட்ரீ சேட் ஆன் ஓல்ட் மேன்' என்றால் எழுவாய் வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. அதனால் முதலில் வினையைப் பிடியுங்கள். அப்புறம் 'யார்? எது?' என்று கேளுங்கள். உட்கார்ந்தது யார்? கிழவர். மரத்தடி உட்காராது.

எழுவாயைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு சறுக்கல் உண்டு. 'தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் இஸ் ஹெவி' என்ற வாக்கியத்தில் 'மேங்கோஸ்' வினைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதையே எழுவாய் என்று நினைத்து, 'இஸ்'ஸை 'ஆர்' என்று திருத்திவிடுபவர்கள் நிறைய. இதற்கும் காரணம் நம் மொழியின் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். 'மாம்பழப் பெட்டி கனமாக இருக்கிறது' என்கிறோம். அடைமொழி முன்னே, தலைச்சொல் பின்னே. தலைச்சொல்லான பெட்டி இங்கே வினையின் பக்கமாகவே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஆஃப்' வந்தால் எல்லாம் தலைகீழ். பெட்டி முன்னே போய்விடுகிறது, மாம்பழம் வினையை உரசிக்கொண்டு நிற்கிறது. வினை ஒருமையா பன்மையா என்பதைத் தீர்மானிப்பது பெட்டி. ஆனால் பிரித்து எழுதும்போது 'தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்' முழுவதற்கும் சேர்த்துத்தான் எஸ் போட வேண்டும். 'தி கேர்ள் ஹூ சோல்ட் மீ தி பென்' என்று நீளமாக வந்தாலும் மொத்தமும் ஒரே எழுவாய்தான்.

'கம் ஹியர்' என்பதில் எழுவாயே இல்லையே என்று கேட்பவர்களுக்கு நம் இலக்கணத்திலேயே பதில் இருக்கிறது: தோன்றா எழுவாய். 'இட் இஸ் ரெய்னிங்' இதற்கு நேர் எதிர். நமக்கு 'மழை பெய்கிறது' என்பதில் மழை எழுவாய். ஆங்கிலத்திலோ, பொருளே இல்லாத ஓர் 'இட்' அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு நிற்கிறது. அந்த 'இட்' எதைக் குறிக்கிறது என்று தேடாமல் எஸ் போட்டுவிட்டு மேலே போகலாம்.

வினைக்கு வருவோம். தமிழில் 'கிளம்பிவிட்டது' என்று ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். ஆங்கில வினை இரண்டு மூன்று துண்டுகளாக நிற்கும், நடுவில் வேறு சொல்லும் புகுந்துகொள்ளும். 'தி பஸ் ஹேஸ் ஆல்ரெடி லெஃப்ட்' என்றால் வினை 'ஹேஸ் லெஃப்ட்'. 'ஆல்ரெடி' வெளியாள். 'டிட் யுவர் பிரதர் கால்?' என்ற கேள்வியில் எழுவாயே வினையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. துணைவினையை மட்டும் வினை என்று குறித்துவிட்டு மீதியை விடுவதும் தவறு, துணைவினையை விட்டுவிடுவதும் தவறு.

'இங்' என்று முடிந்தால் வினை என்ற நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். 'மை சிஸ்டர் இஸ் குக்கிங்', 'மை ஹாபி இஸ் குக்கிங்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் தங்கை சமைக்கிறாள். 'இஸ் குக்கிங்' சேர்ந்துதான் வினை. இரண்டாவதில் பொழுதுபோக்கு உட்கார்ந்து சமைக்கவில்லை. அங்கே 'குக்கிங்' நம் தொழிற்பெயர் மாதிரி, சமைத்தல். வினை வெறும் 'இஸ்', மீதி காம்ப்ளிமெண்ட். சந்தேகம் வந்தால் திருப்பிப் போடுங்கள். 'குக்கிங் இஸ் மை ஹாபி' சரியாக வரும். 'குக்கிங் இஸ் மை சிஸ்டர்' வராது.

காம்ப்ளிமெண்ட் எடுக்கும் வினைகள் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்வது எனக்கு உடன்பாடில்லை. 'தி மில்க் டர்ன்ட் சவர்', 'தி பஸ் டர்ன்ட் ஸ்லோலி' இரண்டிலும் அதே 'டர்ன்ட்'தான். அந்த இடத்தில் 'வாஸ்' போட்டுப் பாருங்கள். 'தி மில்க் வாஸ் சவர்' நிற்கிறது, 'தி பஸ் வாஸ் ஸ்லோலி' விழுந்துவிடுகிறது. நின்றால் காம்ப்ளிமெண்ட், விழுந்தால் அட்ஜங்க்ட். 'ஹி இஸ் இன் தி கார்டன்' மாதிரி இடம் சொல்லும் வாக்கியத்தைச் சில இலக்கண நூல்கள் வேறு மாதிரி பார்க்கும். பள்ளித் தேர்வில் ஏ (அட்ஜங்க்ட்) என்று போடுவதே வழக்கம்.

வினைக்குப் பின்னால் இரண்டு பெயர்கள் வரும் வாக்கியங்களில்தான் அதிக மதிப்பெண் போகிறது. 'தே மேட் ஹிம் கேப்டன்', 'தே மேட் ஹிம் டீ'. சொல் வரிசை ஒன்றேதான், அமைப்பு வேறு. ஆங்கிலத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் வித்தியாசம் தெரியாது. தமிழில் சொல்லிப் பாருங்கள். அவனைக் கேப்டன் ஆக்கினார்கள். அவனுக்கு டீ போட்டார்கள். 'ஐ' வந்தால் அவன் நேரடி ஆப்ஜெக்ட், பின்னால் வருவது காம்ப்ளிமெண்ட். 'கு' வந்தால் அவன் ஐஓ (இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்), பின்னால் வருவது டிஓ (டைரக்ட் ஆப்ஜெக்ட், அதாவது நேரடி ஆப்ஜெக்ட்).

இவ்வளவும் சொல்லிவிட்டு அவள் நோட்டில் இரண்டு வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தேன். 'ஷி கால்ட் ஹிம் எ டாக்ஸி', அதன் கீழே 'ஷி கால்ட் ஹிம் எ ஃபூல்'. பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவனை டாக்ஸின்னு கூப்பிட்டாளா... இல்ல சித்தி, அவனுக்கு டாக்ஸி கூப்பிட்டா."

ஐஓ, டிஓ என்று எழுதினாள். இரண்டாவது வாக்கியத்துக்கு என்னைக் கேட்காமலே ஓ, சி போட்டாள்.