குலுக்கலுக்கு முன் பேச வேண்டியவை: நோயாளிகளை ஆய்வில் சேர்க்கும்போது நேரும் தவறுகள்

இரண்டு சிகிச்சைகள் இருக்கின்றன. எது மேல் என்று தெரியவில்லை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். சமவாய்ப்பு முறை ஆய்வின் சாரம் இவ்வளவுதான். ஆனால் இதைக் கேட்கும் நோயாளி முதலில் கேட்பது, “டாக்டர், உங்களுக்கு எது நல்லது என்று தோன்றுகிறது?” என்பதைத்தான். பெரும்பாலான தவறுகள் அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலில் தொடங்குகின்றன.

“எங்களுக்குத் தெரியாது” என்று சொன்னால் நோயாளியின் நம்பிக்கை போய்விடும் என்று மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். அதனால் தெரிந்ததுபோல் பேசிவிடுகிறார்கள். தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கத்தில் இருந்தது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்ற காரணமும் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. 10,008 பேரைச் சேர்த்து நடந்த ‘கிராஷ்’ ஆய்வின் முடிவு 2004இல் வந்தது: இரண்டு வாரங்களுக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். அந்த ஆண்டுகளில் எந்த ஆய்விலும் சேராமல் வழக்கமான சிகிச்சையாக ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் யாரும் ஒப்புதல் படிவம் நீட்டவில்லை. ஆய்வுக்கு வெளியே இருப்பதுதான் பாதுகாப்பு என்ற எண்ணத்தை நோயாளியிடம் விதைப்பதும் தவறு, தானே நம்புவதும் தவறு.

இதன் மறுபக்கமும் உண்டு. தெரிந்துவிட்ட ஒன்றைத் தெரியாததுபோல் வைத்துக் குலுக்குவது அறமாகாது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை சிடோவுடின் என்ற மருந்து மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது என்று 1994இல் தெரிந்தது. அதன் பிறகும், குறுகிய கால சிகிச்சையைச் சோதித்த பல ஆய்வுகள் வளரும் நாடுகளில் ஒரு பிரிவினருக்குப் பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத போலி மாத்திரை, கொடுத்தன. 1997இல் இது பெரும் சர்ச்சையானது. “அங்கே அந்தத் தாய்மார்களுக்கு வேறு மருந்தே கிடைக்காது” என்றார்கள் ஆய்வை ஆதரித்தவர்கள். அந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் கிடைக்காததற்குக் காரணம் அறியாமை அல்ல, விலை. என்னைப் பொறுத்தவரை அந்த வேறுபாடு முக்கியமானது.

அப்படியானால் மருத்துவரின் மனத்தராசு துல்லியமாக நடுவில் நிற்க வேண்டுமா? அப்படி நிற்பது அரிது. 1987இல் மருத்துவ அறவியல் அறிஞர் பெஞ்சமின் ஃபிரீட்மன் இதற்கு ஒரு வழி சொன்னார்: தனி மருத்துவரின் சாய்வு அல்ல, துறையிலுள்ள வல்லுநர்களிடையே நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். உங்களுக்கு ஒரு பக்கம் சாய்வு இருந்தாலும், உங்களுக்கு நிகரான மற்றவர்கள் மறுபக்கம் சாய்கிறார்கள் என்றால் நோயாளியை அழைக்கலாம். சாய்வை மறைக்கவும் வேண்டாம். “எனக்கு இது மேல் என்று தோன்றுகிறது, ஆனால் தவறாகவும் இருக்கலாம்” என்பது சொல்லக்கூடிய பதில்தான்.

அடுத்தது, நோயாளி தலையாட்டியதைப் புரிந்துகொண்டதாக எடுத்துக்கொள்வது. ஆய்வில் கிடைக்கும் ஒவ்வொன்றும் தன் நலனுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பங்கேற்பாளர்கள் நம்பிவிடுவதை 1982இலேயே மனநல மருத்துவர் பால் ஆப்பல்பாமும் அவருடைய சகாக்களும் சுட்டிக்காட்டி, அதற்குச் ‘சிகிச்சை மயக்கம்’ என்று பொருள்படும் பெயரையும் வைத்தார்கள். குலுக்கல் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிய பிறகும், “என் உடம்புக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துத்தானே கொடுத்திருப்பீர்கள்?” என்று கேட்பார்கள். படிவத்தின் பக்கங்களைக் கூட்டுவதால் இது தீராது. ‘புதிய சிகிச்சை’ என்று சொல்லும்போதே ‘மேலான சிகிச்சை’ என்று காதில் விழுகிறது. ‘இன்னும் நிரூபிக்கப்படாத சிகிச்சை’ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு, “உங்களுக்கு எந்த மருந்து என்பதை யார் முடிவு செய்வார்கள்?” என்று அவரிடமே கேளுங்கள். “நீங்கள்தான்” என்று பதில் வந்தால், பேனாவை மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரக்கத்தால் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது; அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். குலுக்கலின் முடிவை எழுதி மூடி வைத்திருக்கும் அடுத்த உறையில் என்ன இருக்கிறது என்று விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, தனக்குப் பிடித்த சிகிச்சை வரும்வரை ஒரு நோயாளியின் பதிவைத் தள்ளிப்போடுவது. விளைவு, நலிந்தவர்கள் ஒரு பிரிவிலும் தெம்பானவர்கள் மறுபிரிவிலும் சேர்ந்துவிடுகிறார்கள். இறுதியில் மருந்தின் பலன் எது, உடல்நிலையின் பலன் எது என்று பிரிக்க முடியாமல் போகிறது. நேர்மையாகச் சேர்ந்த மற்றவர்கள் ஏற்ற ஆபத்தும் வீண். எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது என்றால், அந்த நோயாளியைப் பொறுத்தவரை உங்கள் மனம் முடிவுசெய்துவிட்டது என்று பொருள். அவரை ஆய்வில் சேர்க்காதீர்கள். உங்களுக்குச் சரியென்று படும் சிகிச்சையை நேரடியாகக் கொடுங்கள்.

குலுக்கலையே நோயாளியிடம் மறைத்த காலமும் இருந்தது. 1948இல் வெளியான காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் 107 பேர் இருந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேருக்கும் தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே சொல்லப்படவில்லை. மருந்து மிகக் குறைவாகவே கிடைத்ததால் குலுக்கலை நியாயப்படுத்த முடிந்தது. மறைத்ததை நியாயப்படுத்த முடியாது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் மருத்துவருக்குத் தொகை வருகிறது என்றால், அதை நோயாளி அறிந்திருக்க வேண்டும். வழக்கமாகச் சிகிச்சை தரும் மருத்துவரே அழைக்கும்போது மறுக்கப் பலருக்கு வாய் வராது. பேச்சை வேறொருவரிடம் ஒப்படைப்பது நல்லது. வீட்டில் கலந்து பேச ஒரு நாளாவது கொடுக்கலாம். அவசரச் சிகிச்சையில் அதற்கு வழியில்லை என்பதால்தான் அங்கே தனி விதிகள் இருக்கின்றன.

மறுத்தவரை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ‘எப்போது வேண்டுமானாலும் விலகலாம்’ என்று படிவத்தில் அச்சிட்டுவிட்டு, விலகியவரை வரிசையில் கடைசியில் உட்கார வைத்தால், காத்திருப்போர் அனைவரும் அதைப் பார்க்கிறார்கள். அடுத்து அழைக்கப்படுபவர் சொல்லும் ‘சரி’க்கு அதற்குப் பிறகு மதிப்பில்லை.