டியூட்டி ஃப்ரீயில் நாங்கள் விடும் பிழைகள்

கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்க விமானநிலையத்துக்கு வான் பிடித்தால் ஆறேழு மணித்தியால ஓட்டம். போகும்போது அந்த வானுக்குள் விசா, டிக்கெட், குளிர் உடுப்பு என்று ஆயிரம் கதை இருக்கும். ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது விமானநிலையத்து வரியில்லாக் கடையைப் பற்றி ஒரே கேள்விதான்: "டியூட்டி ஃப்ரீயிலை என்ன எடுத்தனீங்கள்?"

சித்தி குவைத்தில் ஆறு வருசம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த நாளில் அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பெரிய பிரிட்ஜ் வந்தது. வானின் பின்சீற்றை மடித்து, பெட்டியைப் படுக்கப் போட்டு, நான் அதன் மேல் கையை வைத்தபடி பரந்தன் வரைக்கும் வந்தேன். விடியப்புறம் இறக்கினோம். ஊர்ச்சனம் பார்க்க வந்துவிட்டது. சித்தி உடனே பிளக்கைக் குத்தினா. ஒரு கிழமைக்குள் குளிர் நின்றுபோனது. உத்தரவாத அட்டையில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தால், பழுது பார்ப்பவர் கொழும்பில், பொருளை அங்கே கொண்டு வரட்டாம்.

அதில் சித்தி விட்ட பிழை வாங்கினது அல்ல. கட்டுநாயக்கவில் வருகைப் பகுதிக் கடைகளில் பிரிட்ஜ், வாசிங் மெசின், ரீவி வாங்குவதில் பெரும்பாலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இலங்கையில் அந்தச் சாமான்களுக்கு இறக்குமதி வரி கூட. அதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். வரி கனமாக இருக்கும் இடத்தில்தான் வரிநீக்கத்துக்கு மதிப்பு. ஆனால் பிரிட்ஜைப் படுக்கப் போட்டு ஏற்றினால் கொம்பிரசருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் இறங்கிவிடும். இறக்கினதும் நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டுவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். முடிந்தால் வானுக்குள்ளேயே நிமிர்த்தி ஏற்றுவது இன்னும் நல்லது, அதற்கு உயரமான வான் வேண்டும், வாடகை கூடும். அந்தக் கூடுதல் வாடகையையும் விலையோடு கூட்டிப் பார்க்காமல் "மலிவு" என்று சொல்லக் கூடாது.

அதனால் இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆள் விமானம் ஏறுவதற்கு முதல், இங்கே ஒருவர் கிளிநொச்சி டவுனிலோ வவுனியாவிலோ கடைக்குப் போய், அதே மொடலின் விலைச்சீட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். கட்டுநாயக்கவில் விலை டொலரில் இருக்கும். அன்றைய மாற்று விலையில் பெருக்கி, வாடகையைக் கூட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். டவுன் கடைக்காரர் வீடு வரை கொண்டுவந்து இறக்குவார், பழுதென்றால் பிடித்துக் கேட்கலாம், தவணைக்கும் தருவார். வித்தியாசம் சின்னதென்றால் டவுனில்தான் எடுப்போம். பெரிதென்றால் டியூட்டி ஃப்ரீ. உத்தரவாதத்துக்கு வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ சேவை நிலையம் உண்டா என்று காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டும், பிறகு கேட்டுப் பயனில்லை.

வருகிற ஆளுக்கு எவ்வளவு வரிவிலக்கு என்பது எத்தனை நாள் வெளியில் நின்றார் என்பதைப் பொறுத்தது. வருசக் கணக்கில் நின்றவருக்கு அதிகம், சில கிழமை போய் வந்தவருக்குக் குறைவு. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது, வங்கி வழியாகப் பணம் அனுப்பிய தொழிலாளருக்கு அனுப்பிய தொகையைப் பார்த்து மேலதிக விலக்கு என்று ஒரு ஏற்பாடும் வந்தது. சித்தி அனுப்பினதெல்லாம் வங்கிக்கு வெளியே, உண்டியல்காரர் வழியாக. காட்டுவதற்கு அவவிடம் ஒரு துண்டுகூட இல்லை. இப்படியான விதிகள் வர்த்தமானியோடு மாறும், போன வருசம் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கணக்கை நம்பி நிற்காமல் வரும் மாதத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருகைப் பகுதியில் இன்னொன்றும் நடக்கும். முன்பின் தெரியாத ஒருவர் சிரித்தபடி வந்து, "அக்கா, உங்கடை பாஸ்போட்டிலை ஒரு ரீவி எடுத்துத் தாறியளோ, காசு நான் தாறன்" என்பார். கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் உள்ள விலக்கு போய்விடும், கேள்வி வந்தால் பதில் சொல்வதும் நீங்கள்தான்.

இனிப் போகிற பக்கம். உலகத்தின் முதல் விமானநிலைய டியூட்டி ஃப்ரீ கடை 1947இல் அயர்லாந்தின் ஷனொனில் திறந்தது. அன்றிலிருந்து இந்த வியாபாரத்தின் அடி ஒன்றுதான்: கடை கழிப்பது வரியை மட்டும், மிச்ச விலை அவர்கள் வைப்பது. சாராயத்துக்கும் சிகரெட்டுக்கும் பல நாடுகளில் வரி கனம், அவற்றில் மிச்சம் தெரியும். சொக்லேட்டுக்கு அப்படியான வரி இல்லை, கழிக்க என்ன இருக்கிறது? டுபாயிலும் டோகாவிலும் இரண்டு கை நிறைய வாங்கி வரும் முக்கோணப் பெட்டிகள் ரொறன்ரோ சுப்பர் மார்க்கெட்டில் சலுகை விலையில் கிடக்கும். வாசனைத் திரவியமும் அப்படித்தான், ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தேயிலை, கஜு போன்றவற்றை வழியனுப்பும் பகுதியில் டொலருக்கு வாங்குகிற ஆட்களைப் பார்க்க எனக்கு வயிறெரியும். அதே சாமானை வவுனியாச் சந்தைப் பக்கத்திலேயே வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம்.

விலையைப் பார்க்கும்போது போத்தலைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். டியூட்டி ஃப்ரீயில் விஸ்கி பெரும்பாலும் 1 லீற்றர். ஐரோப்பியக் கடையில் 700 மில்லிலீற்றர், எங்கள் ஊரில் 750. போத்தலுக்குப் போத்தல் ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். அட்டையால் காசு கட்டும்போது மெசின் "உங்கள் நாட்டுக் காசிலா, கடைக் காசிலா" என்று கேட்டால் கடைக் காசு என்று அழுத்துங்கள், மற்றதில் மாற்று விலை பெரும்பாலும் மோசம்.

மச்சான் சுவிஸ் திரும்பும்போது கட்டுநாயக்கவில் இரண்டு போத்தல் தென்னஞ்சாராயம் எடுத்தார். கடைக்காரர் பில்லோடு சேர்த்து, ஒட்டிய உறைக்குள் போட்டுக் கொடுத்தார். விமானத்துக்குள் பக்கத்து சீற் ஆளுக்குக் காட்ட வேண்டும் என்று மச்சான் உறையைக் கிழித்துவிட்டார். வளைகுடாவில் விமானம் மாறும்போது திரும்பவும் சோதனை. 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம், உறை கிழிந்தது, கதை முடிந்தது. இரண்டு போத்தலும் குப்பைப் பெட்டிக்குள் விழுந்த சத்தம் தனக்கு இன்னும் கேட்குதாம். கடைசி இடம் போய்ச் சேரும் வரைக்கும் அந்த உறையைத் தொடக் கூடாது, பில் வெளியே தெரிய வேண்டும். ரொறன்ரோவில் இறங்கி இன்னொரு விமானம் பிடித்து மொன்றியலோ வன்கூவரோ போகிறவர், பெட்டியைத் திரும்ப ஒப்படைக்கும் முன் போத்தலை அதற்குள் வைத்துவிடுவது நல்லது.

இறங்கும் நாட்டின் அளவு தெரியாமல் வாங்குவதுதான் பணம் அதிகம் போகும் பிழை. கனடாவுக்கு சாராயம் 1.14 லீற்றர். 1 லீற்றர் போத்தல் இரண்டு வாங்கினால் அந்த அளவைத் தாண்டினதுக்கு வரி கட்ட வேண்டும். பிரித்தானியாவுக்கு 4 லீற்றர் வரை விடுவார்கள், ஆனால் மற்றச் சாமானுக்கு 390 பவுண். ஒரு பொருள் அதைத் தாண்டினால் தாண்டினதுக்கு மட்டுமல்ல, அந்தப் பொருளின் முழு விலைக்கும் வரி. சுவிஸ் 2025 ஜனவரியிலிருந்து 300 பிராங்கை 150 ஆக்கிவிட்டது, இது தெரியாமல் இன்னும் பழைய கணக்கில் வருகிறார்கள். அவுஸ்திரேலியாவுக்கு சிகரெட் 25தான். இலங்கைக்குள் வருகிறவருக்கு சிகரெட்டுக்கு விலக்கே கிடையாது. வளைகுடாக் கடையில் காட்டன் கணக்கில் விற்பார்கள், இங்கே சுங்கத்தில் அது பிரச்சினையாகும். கனடாவிலிருந்து சமையல் மெசின் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு சொல்: அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. குத்தின உடனே புகை.

பலாலியிலிருந்து சென்னை போகிறவர்களுக்கு இந்தக் கதையெல்லாம் பெரிதாகப் பொருந்தாது. சின்ன விமானம், சின்ன நிலையம். அங்கே பார்க்க வேண்டியது கடையை அல்ல, பெட்டியின் நிறையை.

போன முறை மச்சான் போகும்போது டியூட்டி ஃப்ரீப் பக்கமே திரும்பவில்லை. ஊரில் உரிமம் உள்ள கடையில் ஒரு போத்தல் வாங்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு சாரத்துக்குள் உருட்டிச் சூட்கேசின் நடுவில் வைத்தார். சில நூறு ரூபா கூடத்தான் கொடுத்தார். சூரிச்சில் போய்த் திறந்தபோது சாரம் காய்ந்திருந்ததாம்.