பூதத்தோடு பேரம்: பிள்ளைகளுடன் முதல் கதை விளையாட்டை நடத்துவது எப்படி

போன மே விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்து ஒரு கதை விளையாட்டு நடத்தப் பார்த்தேன். இருபதே நிமிடத்தில் படுத்துவிட்டது. பெரியவளுக்குப் பத்து வயது. கோபித்துக்கொண்டு எழுந்து போனாள். சின்னவனுக்கு ஏழு, அடுத்த வாரம் அவன் அழுதான். மூன்றாவது முறைதான் ஓடியது. இப்போது ஞாயிறு தவறாமல் நடக்கிறது. அந்த இரண்டு முறை எங்கே சறுக்கினேன் என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். மற்றதெல்லாம் சுலபம்.

விளையாட்டே தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை முடிவுசெய்யும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்தக் குடும்பத்தில் மூத்தது. ஃபேண்டஸி நாவல் படிப்பவர்களுக்கு இதில் உறவு உண்டு. கதை சொல்பவருக்காக 1979இல் வந்த கையேட்டின் பின்னிணைப்பில், தன்னைத் தூண்டிய நாவல்களையும் எழுத்தாளர்களையும் கைகாக்ஸே பட்டியல் போட்டிருக்கிறார்.

முதல் படி: எதுவும் வாங்காதீர்கள்

ஒரு நோட்டு, பென்சில், ரப்பர், பரமபத டப்பாவில் கிடக்கும் சாதாரணப் பகடை இரண்டு. போதும். பளபளவென்று ஏழு பகடை சேர்ந்த செட்டைப் பார்த்தால் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது, வாங்கினேன். அதில் நாலு பகடை இன்றுவரை சும்மாதான் கிடக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகளை 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார்கள். ஆசை இருந்தால் இறக்கிப் படியுங்கள். ஆனால் முதல் ஆட்டத்துக்கு முன்னால் வேண்டாம். படித்தால் பிள்ளைகளுக்கு விதி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள், விளையாட்டு டியூஷனாகிவிடும்.

இரண்டாம் படி: ஆளை உருவாக்குவது

பேர், எதில் கெட்டிக்காரர், எதற்குப் பயம், பையில் என்ன இருக்கிறது. நாலு வரி, அவ்வளவுதான். பெரியவள் "மின்னல் கோதை" ஆனாள்: சுவர் ஏறுவதில் கெட்டி, இருட்டுக்குப் பயம், பையில் ஒரு கண்ணாடி. சின்னவன் "பூரி ராஜா". பையில் பூரி. எத்தனை என்று கேட்டதற்கு, "தீராதும்மா" என்றான். சரி என்று எழுதிக்கொண்டேன். இந்தப் பூரிதான் பின்னால் என்னைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது தெரியாது.

இன்னொன்றையும் இப்போதே கேட்டு வையுங்கள்: கதையில் எது வரவே கூடாது? சின்னவன் யோசிக்கவேயில்லை. "நாய் சாகக் கூடாது." நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

மூன்றாம் படி: கதை எழுதாதீர்கள்

நான் முதலில் விழுந்த குழி இது. எழுதுகிறவர்கள் எல்லோரும் விழுவார்கள்.

முதல் ஆட்டத்துக்கு எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். பாழடைந்த கோட்டை, அதன் கிணற்றில் ஒரு பூதம், பூதத்தின் கழுத்தில் சாவி. பிள்ளைகள் பயந்து ஓடி ஒரு சுரங்கத்துக்குள் விழ வேண்டும். ஆறாம் பக்கத்தில் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்துக்காக இரண்டு இரவு தூங்கவில்லை. பூதத்தைக் கிணற்றிலிருந்து எழுப்பி, குரலை மாற்றி உறுமினேன். சின்னவன் கேட்டான்:

"அது என்ன சாப்பிடும்?"

அதோடு இருவரும் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார்கள். பூரி பிடிக்குமா, உப்பு போதுமா, சாவியைத் தந்தால் எத்தனை பூரி என்று பேரம். எனக்கோ ஆறாம் பக்கம் போக வேண்டும். "இல்லை, பூதம் உங்களைத் துரத்துது. ஓடுறீங்க" என்றேன். பெரியவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்போ நீயே சொல்லிட்டுப் போம்மா. நாங்க எதுக்கு?"

நாவலில் பாத்திரங்கள் நான் சொன்ன இடத்துக்குப் போவார்கள். இங்கே போகமாட்டார்கள். அதனால் நடக்கப் போவதை எழுதக் கூடாது; இருப்பதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். இப்போது ஆட்டத்துக்கு ஒரே ஒரு தாள். ஓர் இடம், மூன்று பேர், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், யாருமே எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும். மூன்றாவது முறை என் தாளில் இருந்தது இவ்வளவுதான்:

இடம்: தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் ஏரிக்கரை ஊர். கிணற்றுப் பூதம்: நூறு வருடமாகப் பேச்சுத்துணை இல்லை, யாராவது பேச வேண்டும். மடைக்காவலர்: மதகை உடைத்தது தான்தான் என்று ஊருக்குத் தெரியக் கூடாது. ஆடு மேய்க்கும் சிறுமி: காணாமல்போன குட்டி வேண்டும். யாரும் ஒன்றும் செய்யாவிட்டால்: மூன்றாம் நாள் காலையில் ஏரி காலி.

ஊரை, கேட்பவர் கண்ணுக்கு வருவதுபோல நாலு வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு "என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நான் எட்டில் உடைந்து ஏதாவது யோசனை சொல்லிவிடுவேன். இன்னும் பழகவில்லை.

இரவில் நாவல் படிக்கும் பழக்கம் இதற்கு உதவுகிறது, ஆனால் வேறு விதமாக. முன்பு அடுத்து என்ன என்று பறப்பேன். இப்போது ஒவ்வொரு நாவலிலிருந்தும் ஓர் இடம், ஓர் ஆளின் ஏக்கம், இரண்டை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்கிறேன். சண்டையையும் மந்திரத்தையும் எடுப்பதில்லை. அதெல்லாம் பிள்ளைகளே கொண்டுவருவார்கள்.

நான்காம் படி: பகடைக் கணக்கு

சின்னவன் அழுதது இங்கேதான். இரண்டாம் ஆட்டத்தில், வாங்கிய காசுக்கு வஞ்சனை இல்லாமல், இருபது முகப் பகடையை எடுத்தேன். விதிப்புத்தகத்தில் நடுத்தரக் கஷ்டத்துக்கு 15 என்று இருக்கும், அதாவது 15 அல்லது மேலே வந்தால்தான் வெற்றி. அதை அப்படியே வைத்தேன். கதவைத் திறக்க பூரி ராஜா உருட்டினான்: 9. மறுபடி: 4. மறுபடி: 12. நாலாவது: 7. கதவு மூடியே கிடந்தது. நானும் "திறக்கல" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. உதடு துடிக்க ஆரம்பித்தது.

இரவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருபது முகத்தில் 15 முதல் 20 வரை ஆறு முகம், 30 சதவீதம். கெட்டிக்காரத்தனத்துக்குக் கூட்ட வேண்டிய எண்ணை நான் கூட்டவில்லை. அப்படியானால் நாலு முறை வரிசையாகத் தோற்பது நூற்றுக்கு 24 முறை நடக்கும். அவனுக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று நினைத்தேன். என் விதிதான் மோசம்.

அதனால் சாதாரணப் பகடை இரண்டுக்கு மாறினேன். மொத்தம் 36 விதமாக விழும். 6 அல்லது அதற்குக் கீழே வருவது 15 விதம், 7 முதல் 9 வரை 15 விதம், 10 அல்லது மேலே 6 விதம். 10 அல்லது மேலே: நினைத்தது நடக்கும். 7 முதல் 9: நடக்கும், ஆனால் கூடவே ஒரு வம்பு. 6 அல்லது கீழே: வம்பு மட்டும். கெட்டிக்காரத்தனத்துக்கு ஒன்று கூட்டினால் முழு வெற்றி 6 விதத்திலிருந்து 10 விதமாகிவிடும். இந்தப் பிரிப்பை 2010இல் வந்த அப்போகலிப்ஸ் வேர்ல்ட் என்ற விளையாட்டிலிருந்து எடுத்தேன். அது பெரியவர்களுக்கானது, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கணக்கு மட்டும் போதும்.

இதில் உயிர்நாடி அந்த "ஆனால்"தான். கதவு திறந்தது, ஆனால் கீல் கிறீச்சிட்டதில் காவலர் விழித்துக்கொண்டார். தோற்றாலும் ஏதாவது நடக்க வேண்டும். "ஒன்றும் நடக்கவில்லை" என்ற பதிலை எங்கள் வீட்டில் தடை செய்துவிட்டோம்.

ஐந்தாம் படி: நேரம்

ஏழு வயதுக்கு முக்கால் மணி நேரம். மேசையில் தீனி வேண்டாம், நோட்டில் எண்ணெய் படும். பகலில் விளையாடுங்கள். ஒருமுறை ராத்திரி எட்டு மணிக்குக் கிணற்றுப் பூதத்தைக் கொண்டுவந்தேன்; அப்புறம் ஒரு வாரம் பாத்ரூம் வாசலில் நான் காவல் நிற்க வேண்டியதாயிற்று.

எழுதுகிற பெற்றோருக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆட்டம் நன்றாகப் போனால் அதை நாவலாக்கிவிடலாம் என்று தோன்றும். நானும் ஓர் அத்தியாயம் எழுதினேன். செத்த மீன் மாதிரி இருந்தது. பகடை உருண்டு நிற்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோமே, அது தாளில் வரவில்லை. பெரியவளிடம் படிக்கக் கொடுத்தேன். டோல்கீனின் தி ஹாபிட் நாவலின் கைப்பிரதியை 1936இல் பதிப்பாளர் தன் பத்து வயது மகனிடம் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலிக்கு அபிப்பிராயம் எழுதி வாங்கினாராம். என் மகள் கூலி கேட்கவில்லை. "பூதம் பேசுறது மட்டும் நல்லாருக்கு, அது நாங்க சொன்னது" என்றாள்.

சேர்த்தது 1: வீட்டில் ஒரே பிள்ளை என்றால் எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒரு விலங்குத் துணையைக் கொடுத்து, அதை நீங்கள் பேசுங்கள். ஆனால் அந்த விலங்கு யோசனை சொல்லக் கூடாது. சொல்ல ஆரம்பித்தால் மறுபடி நீங்களே விளையாடுவீர்கள்.

சேர்த்தது 2: மூன்று நான்கு வயதுத் தம்பி தங்கை வந்து பகடையைத் தூக்கிக்கொண்டு ஓடினால், அவர்களையே பகடை மந்திரி ஆக்கிவிடுங்கள். எல்லோருக்காகவும் அவர்தான் உருட்டுவார். வாயில் போட்டுக்கொள்ளும் வயது என்றால் இது வேண்டாம்.

சேர்த்தது 3: தாயக்கட்டையில் ஆட முடியுமா என்று ஒருவர் கேட்டார். எனக்கே தோன்றியிருக்க வேண்டும். எங்கள் கட்டையில் ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3. இரண்டு கட்டை 16 விதமாக விழும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுவது 6 விதம். அது முழு வெற்றி. மூன்றும் நாலும் சேர்ந்து 7 விதம், அது "ஆனால்". இரண்டு விழுவது 3 விதம், வம்பு. பகடையைவிட இதில் வெற்றி தாராளம். கையில் தேய்த்து உருட்டுகிற சத்தத்துக்காகவே பிள்ளைகள் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் தூங்கும் நேரத்தில் பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

ஏரி இன்னும் வற்றவில்லை. மூன்றாம் ஆட்டத்தில் மதகை அடைக்கப் பூதம் கை கொடுத்தது. நாளுக்கு ஒரு பூரி என்று கோதை பேசி முடித்த கூலி. பதினொரு பூரி பாக்கி. பையில் இருப்பது தீராது என்று ராஜா சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் கொடுக்க மனசு வரவில்லையாம்.