கூலி வரைவு மீது கருத்துச் சொல்லப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஒரு தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று அரசு முன்வைக்கும் வரைவு ஒன்று அரசிதழில் வந்துவிட்டால் போதும், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து நான்கு பேராவது அதன் மீதான கருத்து மனுவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "சார், ஒரு தடவ பாத்துக் குடுங்க." பார்த்தால், அந்தக் காலத்தில் நாங்கள் எழுதிய அதே மனு. ஊர்ப் பெயரும் தேதியும்தான் மாறியிருக்கும்.

கையெழுத்துப் போட மறப்பது, முகவரி விட்டுப்போவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. பக்கத்து வீட்டுப் பையனே பார்த்துச் சொல்லிவிடுவான்.

விதி பேசும் இடத்தில் புகார் பேசுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கவோ திருத்தவோ அரசுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, குழு அமைப்பது. அதில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள். சார்பற்ற உறுப்பினர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. இன்னொன்று, வரைவை அரசிதழில் வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாத அவகாசம் கொடுத்து, பாதிக்கப்படக்கூடியவர்களிடம் கருத்துக் கேட்பது. எந்த வழியானாலும் மேசையில் இருக்கும் கேள்வி ஒன்றே: அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் என்ன விதி எழுதலாம்? பீடிக்கு இலை கொடுத்து வேலை வாங்கும் உங்கள் ஏஜென்ட் செய்தது சரியா தப்பா என்பது அங்கே கேள்வியே இல்லை.

ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நினைவுக்கு வருகிறது. பீடி சுற்றும் ஒரு அக்கா பேச எழுந்தார். பயம் கிடையாது, குரலும் கணீரென்று இருந்தது. "எங்க ஏஜென்டு இலைய கொறச்சுத்தான் குடுக்கறாருங்க. ஆயிரம் பீடி கேக்கறாரு, இலை பத்தல. கடையில காசு போட்டு வாங்கிச் சுத்தறோம். கொண்டுபோய்க் குடுத்தா, கழிவுன்னு ஒரு கட்ட ஒதுக்கி வெச்சுக்கறாரு. அதுக்குக் கூலியும் இல்ல, பீடியும் திரும்பி வராது." கூட்டமே கை தட்டியது. மேடையில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத தனி மனுவா எழுதி தொழிலாளர் உதவி ஆய்வாளர்கிட்ட குடுங்கம்மா" என்றார். பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஏஜென்ட் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் அந்த அக்காவுக்கு இலை தருவது நின்றுபோனது.

அதிகாரி மேல் தப்புச் சொல்ல முடியாது. தனி ஒருவர் மீதான புகாரை விசாரிக்க அந்தக் கூட்டத்துக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அந்த அக்கா சொன்னதில் மூன்று நல்ல விதிகள் ஒளிந்திருந்தன. ஏஜென்ட் பேச்சை எடுக்காமலே இப்படிக் கேட்டிருக்கலாம்:

"ஆயிரம் பீடிக்குக் கூலி இவ்வளவு என்று வரைவில் இருக்கிறது. அந்த ஆயிரத்துக்கு எத்தனை கிராம் இலை, எத்தனை கிராம் புகையிலைத் தூள் தரவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குறையும் இலையைத் தொழிலாளி வாங்கினால் அந்தச் செலவு கூலியோடு சேர வேண்டும். கழிவு என்று ஒதுக்கினால் எண்ணிக்கையையும் காரணத்தையும் தொழிலாளியின் கூலிக் கணக்குப் பாஸ்புக்கில் எழுத வேண்டும்."

விஷயம் அதேதான். ஆனால் இதைக் குறிப்பெடுக்காமல் விட முடியாது. இரண்டாவது வரிசையில் இருப்பவருக்கும் முறைக்க ஆள் கிடைக்காது.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் செய்வதும் இதே தவறுதான். "நான் மிஷின்ல தைக்கறேன், ஹெல்பர்னு போட்டுச் சம்பளம் குடுக்கறாங்க" என்பது புகார். "மேல்பாகம் தைக்கும் வேலை எந்தப் பிரிவில் வரும் என்று வரைவின் கூலி அட்டவணையில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்" என்பது ஆலோசனை. பலர் அடிப்படைக் கூலியில் ஐம்பது ரூபாய் கூட்டச் சொல்லித் தொண்டை வற்றக் கத்துகிறார்கள். அட்டவணையில் வேலைக்குப் பெயரே இல்லாவிட்டால் எவ்வளவு கூட்டினாலும் உங்களுக்கு ஹெல்பர் கூலிதான் வரும்.

அதற்காகப் புகாரை விழுங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. உதவி ஆய்வாளரிடம் கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். ஆனால் வேறு நாளில், வேறு தாளில்.

ஒரே மனுவுக்கு முந்நூறு நகல்

இங்கே ஓட்டு எண்ணுவதில்லை. அச்சடித்த ஒரே வாசகத்தில் முந்நூறு கையெழுத்து வந்தாலும் கோப்பில் அது ஒரு கருத்தாகத்தான் சுருங்கும். அதற்குப் பதில் ஐந்து வீட்டில் ஒரு மாதக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். சுற்றிய பீடி எத்தனை, இலை நறுக்க எத்தனை மணி நேரம், கூட உட்கார்ந்த பிள்ளைகள் யார் யார், கைக்கு வந்தது எவ்வளவு. பாஸ்புக் பக்கத்தின் நகலையும் இணைத்துவிடுங்கள்.

கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ கெட்டுப்போனதாகச் சொன்ன ஆய்வு பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. "பாலாறு நாசமாகிவிட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் அப்படி ஒரு வரி வந்திருக்குமா?

சிலர் 2023-ஐ நினைவுபடுத்துவார்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா அந்த ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியதும் மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். கூட்டம் சேர்ந்தால் போதாதா என்பார்கள். அங்கே போதும், அது அரசியல் முடிவு. ஆயிரம் பீடிக்கு எத்தனை கிராம் இலை என்பதைத் தெருவில் கோஷம் போட்டு முடிவுசெய்ய முடியாது.

திங்கட்கிழமை மனு

வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டால் ஆட்சேபணை தெரிவித்ததாக ஆகாது. அறிவிக்கையில் எந்த அதிகாரி, எந்த முகவரி என்று இருக்கிறதோ அங்கே போகவேண்டும்.

வாட்ஸ்அப்பில் பார்த்த நாளிலிருந்து எண்ணுவது

இரண்டு மாதம் ஓடுவது அறிவிக்கை தேதியிலிருந்து. உங்கள் குரூப்புக்குச் செய்தி வந்து சேரும்போது பாதி அவகாசம் போயிருக்கும். வழக்கமான அரசிதழ் புதன்கிழமை வரும், சிறப்பிதழ் எந்த நாளும் வரலாம். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். வாரம் ஒருமுறை பார்க்கும் வேலையைக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒன்றிடம் ஒப்படையுங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதை மனு நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

பழைய சட்டத்தின் பிரிவை எழுதுவது

கணினி சென்டரில் வைத்திருக்கும் மாதிரி மனுவில் இன்னும் 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பிரிவு 5 என்றே இருக்கிறது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது; நான் மேலே சொன்ன இரண்டு வழிகளும் இப்போது அதன் 8-ஆம் பிரிவில் இருக்கின்றன. குழப்பமாக இருந்தால் பிரிவு எண்ணே வேண்டாம். அறிவிக்கையின் அரசாணை எண்ணையும் தேதியையும் எழுதினால் போதும்.

மாவட்டம் மாறியது தெரியாமல் வருவது

பழைய வேலூர் மாவட்டத்தை 2019-இல் பிரித்தாகிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். வேலூருக்குப் பஸ் ஏறுவதற்கு முன் விசாரியுங்கள்.

"சங்கத்துல இல்லையே, நான் பேசலாமா?"

பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

கூட்டம் முடிந்ததும் மறந்துவிடுவது

இறுதி அறிவிக்கை வந்ததும் வரைவைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். நீங்கள் கேட்டது அதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். "என் கோரிக்கையை ஏன் ஏற்கவில்லை?" என்று கேட்டு அனுப்பாதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் தரக் கடமை இல்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள். "மேற்படி வரைவின் மீது வந்த ஆட்சேபணைகளின் பட்டியல், அவற்றின் மீது எடுத்த முடிவு அடங்கிய கோப்புக் குறிப்பு, குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். உங்கள் மனு அந்தப் பட்டியலில் இல்லையென்றால், குத்தி வைத்த ஸ்பீட் போஸ்ட் ரசீதின் நகலோடு மேல்முறையீடு போடலாம்.