செடி வாங்கும் முன் வெளிச்சத்தை அளப்போம்: செல்போன் துணையோடு வீட்டுத்தோட்டம்

நான் முதன்முதலில் வைத்த தக்காளிச் செடி நெடுநெடுவென்று வளர்ந்தது, ஆனால் காய்க்கவே இல்லை. தண்ணீர், உரம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். குறை வெளிச்சத்தில்தான் என்று தெரியவே வெகுநாள் ஆனது. அதனால்தான் செடியின் பெயர் சொல்லும் ஆப்பை விட, வெளிச்சத்தை அளக்கும் ஆப்பை முதலில் போடச் சொல்கிறேன்.

படி 1: வெளிச்சம்

ஆப் ஸ்டோரில் 'லக்ஸ் மீட்டர்' என்று தேடினால் இலவச ஆப்கள் பல கிடைக்கும். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. ஆண்ட்ராய்டு போன்களில் திரையின் மேல்பகுதியில் ஒரு சிறிய ஒளி உணரி இருக்கும். ஆப் அதை வைத்துத்தான் அளக்கிறது. இலைகள் இருக்கப்போகும் உயரத்தில், திரை வானத்தைப் பார்க்கும்படி போனைப் பிடியுங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. ஐபோனில் இந்த ஆப்கள் கேமராவைக் கொண்டு கணக்கிடுவதால் எண் கொஞ்சம் முன்பின் இருக்கும். இரண்டு இடங்களை ஒப்பிட அது போதும்.

உச்சி வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் வரை காட்டும். விளக்கு எரியும் அறையில் சில நூறுதான் இருக்கும். இவ்வளவு வித்தியாசம் நமக்கு உறைக்காததற்குக் காரணம், கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதுதான். இலைக்கு அந்த வசதி கிடையாது.

காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதையும் எழுதுங்கள். தக்காளி, மிளகாய்க்கு 6 மணி நேரமாவது வேண்டும். கீரைகள் 3, 4 மணி நேரத்திலேயே ஓரளவு வந்துவிடும். பருவம் மாறும்போது வெயில் விழும் இடமும் நகரும், அப்போது மறுபடி அளக்க வேண்டும்.

படி 2: பெயர்

பெயர் தெரியாத செடிக்கு பிளான்ட்நெட் (PlantNet) என்ற ஆப் நல்லது. பிரான்ஸின் ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. ஒரே ஒரு இலையோ பூவோ படம் முழுக்க நிறையும்படி எடுங்கள், அது இலையா, பூவா, காயா என்று குறிப்பிடுங்கள். பூ இருந்தால் பொருத்தம் கூடும். முளைத்த சில நாள் நாற்றில் தடுமாறும். ஆப் சொன்ன பெயரை மட்டும் நம்பி எந்த இலையையும் வாயில் வைக்காதீர்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

படி 3: தண்ணீர்

தனி ஆப் தேவையே இல்லை, போனில் இருக்கும் காலண்டரே போதும். ஆனால் நினைவூட்டலில் 'தண்ணீர் ஊற்று' என்று எழுதாதீர்கள். 'மண்ணைத் தொட்டுப் பார்' என்று எழுதுங்கள். விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். மழை பெய்ததா, தொட்டி பெரியதா என்பதெல்லாம் காலண்டருக்குத் தெரியாது. தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் இலை வாடித்தான் தொங்கும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றிச் செடியை இழந்தவர்கள் நிறைய.

படி 4: நோய்

படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் ஆப்களும் உண்டு. அவற்றுக்கு இலையின் மேல்புறத்தோடு அடிப்புறத்தையும் படம் எடுங்கள். அசுவினி, செம்பேன் போன்ற சாறு உறிஞ்சும் சிற்றுயிர்கள் எல்லாம் அடிப்புறத்தில்தான் ஒளிந்திருக்கும். ஆப் ஒரு நோயின் பெயரைச் சொன்னதும் மருந்து வாங்க ஓடாதீர்கள். எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் பாருங்கள். அடியிலுள்ள பழைய இலைகள் முழுதும் வெளுத்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவாக இருக்கலாம். நுனியிலுள்ள புது இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம்.

சில ஆப்கள் இலவசச் சோதனை முடிந்ததும் தானாகவே பணம் எடுக்கத் தொடங்கும். ஆப்பை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது, ஆப் ஸ்டோருக்குள் போய் ரத்து செய்யுங்கள்.

படி 5: படக் குறிப்பேடு

வாரம் ஒருநாள், ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் ஒரு படம். அதைத் தனி ஆல்பத்தில் போட்டு வையுங்கள். நான்கு வாரம் கழித்து முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தண்டில் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டுகொண்டே போய், செடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது வெளிச்சத்தைத் தேடுகிறது. சரி, லக்ஸ் மீட்டரைத் திறந்து தொட்டிக்கு வேறு இடம் பாருங்கள்.