ஏஏ குழு தேடும்போது எங்கே தடுக்கி விழுகிறோம்?

குடியிலிருந்து மீண்டவர்களின் குழுவைத் தேடுகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரி தேடுவது போலத்தான் தேடுகின்றன. அட்மிஷன் எப்போது, ஃபீஸ் எவ்வளவு, எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்பார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏஏ குழுவில் இந்தக் கேள்விகள் எதுவும் பொருந்தாது. 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியால் நொந்துபோன ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கியதில் பிறந்தது இது. அந்த மருத்துவருமே அங்கே குடிநோயாளிதான், வைத்தியம் பார்க்க வந்தவர் இல்லை. 1957ல் இந்தியாவுக்கு வந்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராகத் தகுதி. கட்டணம் கிடையாது. நடுவில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள்.

எனவே ஏஏ பெயரைச் சொல்லி மாதக் கட்டணம் கேட்டால் அது ஏஏ அல்ல. தனியார் மறுவாழ்வு மையத்துக்கும் குழுவுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் நிறைய. "வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறோம்" என்று சொல்லும் மையத்திடம், 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலை மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு வேறொன்று. "ஞாயிற்றுக்கிழமை மீட்டிங், அதனால் இன்றோடு நிறுத்து" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். காலையில் கண் விழித்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் அடங்கும் என்ற நிலைக்குப் போனவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்தில் வியர்வையும் நடுக்கமும் வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்குப் பிறகு சிலருக்குச் சித்தம் குழம்பி, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிதற்ற ஆரம்பிப்பார்கள். இதைப் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போன வீடுகள் உண்டு. உயிரே போகக்கூடிய நிலை இது. முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. சில நாள் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து உடம்பை நிலைப்படுத்துவார்கள். அப்புறம் குழு.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கும் "மருந்து" சமாச்சாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் குடியோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்து, அவர் அன்றைக்குக் குடித்தும் விட்டால், வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே உலை வைக்கும். டாக்டர்கள் இதைக் குடிப்பவரின் சம்மதத்தோடுதான் தருவார்கள்.

சரி, குழுவுக்கு வருவோம். பல இடங்களில் மீட்டிங் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூட அறையிலோ நடக்கும். "மதம் மாற்றிவிடுவார்கள்" என்று பயந்து வாசலோடு திரும்புவது வீண். இடம் தருவதோடு சர்ச்சின் வேலை முடிந்தது. குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும். ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றே இருக்கும், அதை முருகனாகவும் எடுத்துக்கொள்ளலாம். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற கூச்சமும் உண்டு. டாஸ்மாக் வரிசையில் நின்றபோது இந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றும். ஆனாலும் கூச்சம் கூச்சம்தான், முதல் மாதம் பக்கத்து ஏரியாவுக்குப் போகட்டும். அதற்காக இரண்டு பஸ் மாற வேண்டிய "பேர் பெற்ற" குழுவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வேலை முடிந்து ஆறு மணிக்குக் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும் நேரத்தில் எட்டிப் போக முடிகிற குழுதான் உதவும்.

ஒரு மீட்டிங்கை வைத்து முடிவு கட்டுவதும் வழக்கமாக நடக்கிற தவறு. பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாக, ஒருவர் மாற்றி ஒருவர் தன் கதையைச் சொல்வார், குறுக்கே யாரும் அறிவுரை சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வரும்போது "இன்னைக்குக் கேக்கத்தான் வந்தேன்" என்றால் போதும். ஒரு குழுவில் எல்லோரும் வயதானவர்களாக இருக்கலாம், இன்னொன்றில் ஒருவரே மைக் பிடித்த மாதிரி பேசலாம். மூன்று நான்கு குழுக்களைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மனைவியோ அம்மாவோ உள்ளே உட்கார்ந்து காவல் காப்பது வேண்டாம். மூடிய மீட்டிங்கில் குடிநோயாளிகளுக்கு மட்டுமே இடம், திறந்த மீட்டிங்குக்கு யாரும் வரலாம். "அவர் உள்ளே என்ன சொன்னார்?" என்று விசாரித்தாலும் பதில் வராது. குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் குழு இருக்கிறது. அவர் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் அதற்குப் போகலாம்.

நடுவில் மறுபடி குடித்துவிட்டு, எந்த முகத்தோடு போவது என்று நின்றுவிடுபவர்கள் ஏராளம். அங்கே இருக்கும் பலரும் அப்படிப் போய்த் திரும்பி வந்தவர்கள்தான். இதற்காகத்தான், முதல் நாள் மீட்டிங் முடிந்து டீ குடிக்கும்போதே இரண்டு மூன்று பேரின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். குடித்த பிறகு கூப்பிட்டாலும் பேசுவார்கள், குடிப்பதற்கு முன்பே கூப்பிட்டால் அவர்களுக்கும் வேலை சுலபம். குழு எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள் போதை மீட்புக்கான கட்டணமில்லா தேசிய உதவி எண் 14446ல் விசாரிக்கலாம்.