முதல் முகத்துக்கு மட்டும் லைட் வைக்காதீர்கள்

ஒரு மணப்பெண்ணை ஸ்டுடியோவில் படமெடுக்கும்போது அவர் அரை மணி நேரமாவது உட்காருவார். அவருடைய முகத்துக்கு ஏற்ப லைட்டை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். மாணவர்களை வரிசையாகப் படமெடுக்கும் வேலை அப்படியில்லை. வரிசையில் வருவார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம், சில சமயம் அதுவும் கிடைக்காது. கண்ணாடி போட்டவர், சுருட்டை முடிக்காரர், எண்ணெய் தடவி வழித்துச் சீவியவர், கறுப்பு, மாநிறம், வெளுத்த நிறம் என்று முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். லைட் மட்டும் வைத்த இடத்திலேயே நிற்கும்.

இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. முதலில் வந்து உட்கார்ந்தவருக்கு, பெரும்பாலும் அது நம் உதவியாளர்தான், பிரமாதமாக லைட் அமைத்துவிடுகிறோம். அதே அமைப்பு இருநூறு பேருக்கும் பொருந்திவிடும் என்று நம்பியும் விடுகிறோம். மாணவர் வரிசைக்கு வேண்டியது, ஆள் கொஞ்சம் அசைந்தாலும் கெடாத லைட்டிங். அழகெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நெருக்கி வைத்த லைட்

லைட் எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு மென்மை என்று எல்லோரும் படித்திருப்போம். உண்மைதான். 60 செ.மீ. அகல சாஃப்ட்பாக்ஸை (லைட்டின் முன் வெள்ளைத் துணி கட்டிய பெட்டி) முகத்திலிருந்து 60 செ.மீ. தூரத்தில் வைத்தால் நிழலின் ஓரமெல்லாம் கரைந்து, கன்னம் வழவழவென்று வரும். ஆனால் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஒளி குறையும் என்று இயற்பியல் வகுப்பில் படித்தோமே, அது தன் வேலையைக் காட்டுவது இங்கேதான். பையன் லைட் பக்கமாக 10 செ.மீ. சாய்ந்தால் 60 என்பது 50 ஆகிவிடுகிறது. முகத்தில் விழும் ஒளி 44 சதவீதம் கூடிவிடும். அதாவது அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரட்டிப்பு, ஒரு ஸ்டாப் குறைந்தால் பாதி). லைட் 150 செ.மீ. தள்ளி இருந்தால் அதே சாய்வுக்கு 15 சதவீதம்தான் கூடும். பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழிய யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நெருங்கிய லைட் அதன் பக்கத்துத் தோளையும் சுட்டு வெளுக்கச் செய்யும் என்பது தனிக்கதை.

சரி, தள்ளி வைத்தால் ஒளி கடினமாகிவிடாதா? ஆகும். முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் லைட் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதை வைத்துத்தான் மென்மை அமைகிறது. 1.5 மீட்டரில் அதே மென்மை வேண்டுமென்றால் லைட்டும் 1.5 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அதற்கு லைட்டில் மாட்டி ஒளியைப் பரப்பும் ஒரு பெரிய ஸ்டுடியோ குடை போதும். குடை என்றால் கற்றுக்குட்டி சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். மாணவர் வரிசைக்கு நான் முதலில் கையில் எடுப்பது குடையைத்தான். அதன் குறை, ஒளி அறை முழுக்கச் சிதறுவது. சின்ன அறையில் பச்சைச் சுவர் இருந்தால் அந்தப் பச்சை கன்னத்தில் ஏறிவிடும். அப்படிப்பட்ட அறைக்கு மட்டும் சாஃப்ட்பாக்ஸைத் தேடுங்கள்.

உயரமும் இதே கதைதான். 130 செ.மீ. உயரமுள்ளவருக்கும் 175 செ.மீ. உயரமுள்ளவருக்கும் லைட் ஒரே உயரத்தில் நின்றால், குட்டையானவருக்கு லைட் தலைக்கு மேல் போய்க் கண்குழி இருண்டுவிடும். நெட்டையானவருக்கு லைட் கண்மட்டத்துக்கு வந்து முகம் தட்டையாகிவிடும். ஒவ்வொருவருக்கும் ஸ்டாண்டை ஏற்றி இறக்குவது நடக்காத காரியம். ஏற்றி இறக்கக்கூடிய ஸ்டூல் ஒன்றைப் போட்டு, எல்லோருடைய கண்ணையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் ஒரு காலி ஸ்டாண்டில் டேப் ஒட்டி அந்த மட்டத்தைக் குறித்துவிட்டால், ஸ்டூலைத் திருகும் வேலையை உதவியாளரே பார்த்துக்கொள்வார். சரியாக இருக்கிறதா என்று அறிய கருவிழியைப் பார்த்தால் போதும். கடிகார முள் 10 அல்லது 2 காட்டும் இடத்தில் ஓர் ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். அந்தப் புள்ளி இமைக்குள் மறைந்துவிட்டால் லைட் ரொம்ப மேலே இருக்கிறது.

இரண்டு லைட், இரண்டு நிழல்

கையில் இரண்டாவது லைட் வந்ததும் நிறைய பேர் செய்வது இதுதான்: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இரண்டும் 45 டிகிரியில், ஒரே பவரில். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மூக்குக்கு இருபுறமும் இறக்கை முளைத்தது போல இரண்டு நிழல் விழும். கழுத்திலும் இரண்டு. ஓவியத்தையோ பழைய பத்திரத்தையோ நகலெடுக்கும்போது இப்படி வைப்பார்கள். தாள் தட்டை என்பதால் அங்கே அது சரி. முகத்தில் மூக்கு இருக்கிறதே!

படத்தில் தெரியும் நிழல் ஒரே ஒரு லைட்டுடையதாக இருக்கட்டும். இரண்டாவது லைட், அந்த நிழலைக் கொஞ்சம் வெளுக்க வைக்க மட்டும். அதைக் கேமராவுக்கு நேர் பின்னால், சற்று மேலே, பெரிய குடையில் வைத்தால் அதன் நிழல் ஆளின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நிழலைத் தரும் மெயின் லைட்டைவிட ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் குறைவாக வைத்தால் போதும். அடையாள அட்டைக்குப் போகும் படம் என்றால் ஒரு ஸ்டாப்புக்கு மேல் குறைக்க வேண்டாம். இரண்டு ஸ்டாப்பைத் தாண்டினால் படம் மேடை நாடகம் மாதிரி ஆகிவிடும்.

ரெம்பிராண்ட் ஓவியங்களில் இருப்பதுபோல் நிழல் பக்கக் கன்னத்தில் ஒரு முக்கோண ஒளி விழ வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. தலை கொஞ்சம் திரும்பினாலே அந்த முக்கோணம் உடைந்துவிடும். அடுத்து வருபவரின் மூக்கு நீளமாக இருந்தாலும் உடைந்துவிடும். வரிசைக்கு, மூக்கு நிழல் சிறிதாக வளைந்து உதட்டோரத்தை நோக்கி இறங்கும் சாதாரண அமைப்பே போதும். அதில் ஐந்து, பத்து டிகிரி பிசகினாலும் படம் படமாகவே இருக்கும்.

எத்தனை லைட் வைத்திருந்தாலும், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒன்றை மட்டும் எரியவிட்டு ஒரு படம், அதை அணைத்து அடுத்ததற்கு ஒரு படம். எது எங்கே கெடுக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

வெள்ளைச் சட்டை, கறுத்த முகம்

இந்த வேலையின் நிஜமான சோதனை இங்கேதான். கேமராவின் மீட்டர் தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைச் சட்டை பாதிப் படத்தை அடைத்துக்கொண்டால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். முகம் இருட்டில் மூழ்கும். அடுத்தவர் கறுப்புக் கோட்டு போட்டு வந்தால் நேர் எதிராக நடக்கும். ஃபிளாஷை டிடிஎல் முறையில், அதாவது லென்ஸ் வழியே அளந்து பவரைத் தானே தீர்மானிக்கும் முறையில், விட்டாலும் இதே கூத்துதான். போதாக்குறைக்கு, டிடிஎல் அளந்து பார்க்க முன்கூட்டியே விடும் சின்ன மின்னலுக்குச் சிலர் கண்ணை மூடிவிடுவார்கள். ஆகவே கேமராவும் ஃபிளாஷும் மேனுவலில், அதாவது நாமே அளவை வைக்கும் முறையில், இருக்கட்டும். லைட்டும் ஸ்டூலும் நகராதபோது எக்ஸ்போஷர் மாற வேண்டிய காரணமே கிடையாது.

மேனுவலுக்குப் போனதும் வரும் அடுத்த தவறு, முகம் தெளிவாக வரட்டும் என்று பவரை ஏற்றுவது. முகத்துக்கு முன்பே சட்டை வெளுத்து, பொத்தானும் மடிப்பும் காணாமல் போகும். தாடைக்கு அடியில் வெள்ளை ரிஃப்ளெக்டர் பிடிப்பதும் உதவாது. அது முகத்தைவிடச் சட்டைக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. பவரைத் தொடாமல் லைட்டின் மூக்கை மேல்நோக்கித் திருப்புங்கள். ஒளிவட்டத்தின் நடுப்பகுதி தலைக்கு மேலே போய், அதன் கீழ் ஓரம் முகத்தில் பட வேண்டும். சட்டைக்கு மிச்சம்மீதிதான் கிடைக்கும். அதுவும் போதாவிட்டால் லைட்டுக்கும் சட்டைக்கும் நடுவே, படத்தில் விழாதபடி ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடலாம். பிறகு கேமரா திரையில், இடப்பக்கம் இருட்டையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். சட்டையின் மேடு வலது ஓரத்துக்குப் பக்கத்தில் வந்து, ஓரத்தில் முட்டாமல் நின்றால் சரி.

கறுத்த முகத்துக்குக் கூடுதலாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெளுத்த தோலில் முகத்தின் வடிவம் நிழலில் தெரியும். கறுத்த தோலில் பளபளப்பில் தெரியும். சிறிய லைட்டின் பளபளப்பு நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டாக எரியும். பெரிய லைட்டின் பளபளப்பு அகலமாகப் பரவி, கன்ன எலும்பையும் தாடையையும் வரைந்து காட்டும். அதனால் பவரைக் கூட்டாமல் லைட்டைப் பெரிதாக்குங்கள். எண்ணெய் வழிந்தால் டிஷ்யூவை அழுத்தி ஒற்றச் சொல்லுங்கள், தேய்க்க வேண்டாம். பொருந்தாத நிறத்தில் பவுடர் பூசினால் சாம்பல் பூத்தது போலாகிவிடும். நிறத்தை வெளுக்க வைப்பது நம் வேலையே இல்லை. அந்தப் பழக்கம் பழையது என்பதும் உண்மை: கலர் ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்கப் பயன்பட்ட கோடாக்கின் ஷெர்லி அட்டைகளில் பல பத்தாண்டுகளாக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது.

கண்ணாடி போட்டவர்கள்

கண்ணாடியில் லைட் தெரிகிறது என்றதும் "கழற்றிடும்மா" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் தினமும் கண்ணாடியோடு பார்த்த முகம் படத்தில் வேறு யாரோ போல இருக்கும். மூக்கில் தடம் வேறு தெரியும். ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும். ஆகவே திரும்பும் ஒளி கேமராவுக்குள் வராமல் வேறெங்காவது போகும்படி செய்தால் போதும். லைட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள், அல்லது பக்கவாட்டில் நகர்த்துங்கள். அதைவிட எளிது, கண்ணாடியின் காதுக்கம்பியைக் காதின் மேல் அரை சென்டிமீட்டர் தூக்கி வைப்பது. லென்ஸ் லேசாகத் தரையைப் பார்க்கும், படத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தூக்கினது அதிகமானால் ஃபிரேம் கண்ணின் குறுக்கே வந்துவிடும், கவனம்.

பெரிய குடை இங்கே நமக்கு எதிரி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லைட் பெரிதாக இருந்தால் பிரதிபலிப்பும் பெரிது, தப்பிக்க இடம் குறைவு. கேமராவுக்குப் பின்னால் நிழலை வெளுக்க வைத்திருக்கும் ஃபில் லைட்தான் பெரும்பாலும் குற்றவாளி. கண்ணாடிக்காரர்களுக்கு அதை மட்டும் அணைத்துவிட்டு, நிழல் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துவது என் வழக்கம். முடிந்தால் கண்ணாடிக்காரர்களை எல்லாம் ஒன்றாகக் கடைசியில் எடுங்கள். ஒருமுறை மாற்றினால் போதும். வெயிலில் கறுக்கும் லென்ஸ் போட்டவர்கள் வெளியிலிருந்து நேராக வந்து உட்கார்ந்தால் கூலிங்கிளாஸ் போட்டது போல விழுவார்கள். சில நிமிடம் உள்ளே காத்திருந்தால் தானாகத் தெளிந்துவிடும்.

பின்னணி, முடி, அறை வெளிச்சம்

ஆளைப் பின்னணித் துணியோடு ஒட்டி உட்கார வைக்காதீர்கள். ஒன்றரை மீட்டர் இடைவெளி இருந்தால் நிழல் தரையில் விழுந்துவிடும், துணியின் சுருக்கமும் மங்கிவிடும். கறுத்த முடி இருண்ட பின்னணியில் கரைந்துபோகாமல் இருக்கப் பின்னாலிருந்து ஒரு ஹேர் லைட் வேண்டும். அதை மெயின் லைட் அளவுக்கு ஏற்றுவதுதான் வழக்கமான தவறு. எண்ணெய் தடவிய முடி கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பும். வகிடு வெள்ளைக் கோடாக எரியும். மெயின் லைட்டில் பாதிப் பவரில் ஆரம்பியுங்கள். அந்த லைட் மூக்கு நுனியில் பட்டால், அது ரொம்ப முன்னால் வந்துவிட்டது.

அறையின் டியூப்லைட்டையும் ஜன்னலையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு எஃப்/8, 1/125, ஐஎஸ்ஓ 100 வைத்து ஒரு படம் எடுங்கள். முழுக் கறுப்பாக வந்தால் நல்லது. ஏதாவது தெரிந்தால் அந்த வெளிச்சம் எல்லா முகத்திலும் கலந்து வரும், அதுவும் வேறு நிறத்தில். அதைக் குறைக்க ஷட்டர் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். பெரும்பாலான கேமராக்களில் 1/160 முதல் 1/250 வரைதான் எல்லை. நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட வேண்டாம். பச்சைச் சீருடைக்கும் சிவப்புச் சீருடைக்கும் அது வெவ்வேறு முடிவெடுக்கும். சாம்பல் அட்டையை முகம் இருக்கும் இடத்தில் பிடித்து ஒருமுறை அமைத்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் அதே.

வரிசை ஓடத் தொடங்கியதும்

வேகமாக எடுக்கும்போது ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆவதற்குள் பட்டனை அழுத்திவிடுவோம். அந்தப் படம் மட்டும் ஒரு ஸ்டாப் குறைந்து நிற்கும். முழுப் பவரில் வேலை வாங்காமல் கால் பவரில் ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. ஸ்டாண்டின் காலில் மணல்மூட்டை போடுங்கள், ஒயரைத் தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள். பிள்ளைகள் நடந்து வர மாட்டார்கள், ஓடித்தான் வருவார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் யாரோ இடித்து, என் மெயின் லைட் ஓரடி பின்னால் போய்விட்டது. அதைக் கவனிக்காமல் அறுபது பேரை எடுத்து முடித்தேன். அத்தனை பேரின் முகமும் காலையில் எடுத்தவர்களைவிட மங்கல். ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிசெய்ததில் இரண்டு இரவு போனது. அன்றிலிருந்து ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் ஸ்டூலுக்கும் தரையில் டேப் அடையாளம் உண்டு. மெயின் லைட்டிலிருந்து ஸ்டூல் வரைக்கும் அளவெடுத்து முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று ஸ்டாண்டிலேயே தொங்கும். இடைவேளை முடிந்து வந்ததும் கயிறு, சாம்பல் அட்டையோடு ஒரு படம், பிறகுதான் அடுத்த ஆள்.

எல்லோரையும் எடுத்து முடித்ததும் உடனே லைட்டைக் கழற்ற வேண்டாம். தூரம், உயரம், பவர், கேமரா அமைப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மொத்த அமைப்பையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அன்றைக்கு லீவு போட்ட நாலைந்து பேர் நிச்சயம் அடுத்த வாரம் வந்து நிற்பார்கள்.